கதிர்வீச்சுக்கு முன்பே திரும்பிய கட்டி: மறுபடி ஆபரேஷனா, நேரே ரேடியேஷனா?

அண்ணனுக்கு நாக்குப் புற்றுநோய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்து ஸ்கேன் எடுத்தபோதுதான் கழுத்தில் கட்டி திரும்பியிருப்பது தெரிந்தது. தழும்புக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கெட்டி. வலி கிடையாது, தையல் வீக்கம் என்றே நினைத்திருப்போம். ஊசி வைத்து எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

வழி இரண்டு: மறுபடி வெட்டுவது, அல்லது நேரே கீமோவுடன் கதிர்வீச்சு. நாங்கள் இரண்டாவதற்குப் போனோம்.

கட்டி ஒன்றே ஒன்றாக, பெரிய ரத்தக்குழாயை ஒட்டாமல், சுத்தமாக எடுக்க முடிகிற இடத்தில் இருந்தால் ஆபரேஷனுக்குத்தான் நானும் சரி சொல்லியிருப்பேன். கண்ணுக்குத் தெரிவதை ஒரே நாளில் அகற்றிவிடலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் எங்களுக்குக் கணக்கு முழுக்க நாட்களில்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பார்கள். மறுபடி வெட்டினால் அந்த 6 வாரம் முதலிலிருந்து ஓடும். புண் ஆறாமல் கதிர் வைக்க முடியாது. ஏற்கெனவே வெட்டித் தைத்த கழுத்து ஆறவும் நாளாகும். சில வாரங்களிலேயே தலைகாட்டிய கட்டிக்கு இன்னொரு முறை அவகாசம் கொடுத்த மாதிரிதானே? இத்தனைக்கும், வெட்டினாலும் அதன்பின் கதிர்வீச்சு கட்டாயம். ஆக, ஆபரேஷன் அதற்கு மாற்று இல்லை, அதைத் தள்ளிப்போடுவதுதான்.

நாங்கள் எடுத்த வழிக்கும் விலை உண்டு. கட்டி இல்லாத இடத்துக்கு 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதும். கட்டி இருந்தால் 70 வரை போகிறது, 7 வாரம். போகப்போக வாயெல்லாம் புண், அப்புறம் மூக்கில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்பதால் முன்கூட்டியே செவித்திறன் சோதனை செய்தார்கள். சொத்தைப் பல்லை முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு.

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகளை, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்துகளைப் பற்றியும் கேட்டோம். எங்கள் டாக்டர்கள் அதை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதையில் நாங்கள் நடக்கவில்லை, அதனால் ஒப்பிட்டுச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துத்தான் பெட் ஸ்கேன் (புற்றுநோய் இருக்கும் இடம் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்) எடுத்தார்கள். அதற்கு முன் எடுத்தால் வெந்த திசுவே கட்டி போல ஒளிர்ந்து ஏமாற்றும். அண்ணனுக்குக் கழுத்தில் ஒன்றும் ஒளிரவில்லை. ஆனால் இந்த நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் என்பதால், மாதாமாதம் கழுத்தைத் தடவிப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறோம்.