தம்பிக்குத் தங்கும் இல்லமா, பகல்நேர மையமா?

என் தம்பிக்கு 34 வயது. டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் நிலை. அப்பா போன அடுத்த வருடம் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் வந்தது. வேறு வழி தெரியாமல் அவனை ஒரு தங்கும் இல்லத்தில் சேர்த்தோம். ஏழு மாதம் இருந்தான். அப்புறம் கூட்டிவந்துவிட்டோம். இப்போது இரண்டரை வருடமாக வீட்டில் இருந்தபடி பகல்நேர மையத்துக்குப் போய் வருகிறான். இரண்டையும் பார்த்தவள் என்பதால் எது நல்லது என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மையம்தான்.

செலவு எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். இல்லத்துக்கு மாதம் 15,000 ரூபாயும் முன்பணம் ஒரு லட்சமும் கட்டினோம். மையத்துக்கு 4,000, வேனுக்குத் தனியாக 2,000. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் வேனுக்கே சரியாகப் போய்விடுகிறது. சாப்பாட்டில் இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. வீட்டைவிட அங்கே காய்கறி அதிகம்.

பாதுகாப்பு பற்றி எனக்குப் பயம் இருக்கவில்லை, அம்மாவுக்கு இருந்தது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் கருகியதை அவள் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. அது மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை, இது வேறு என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் சேர்த்த அன்று, வலிக்கிற முட்டியோடு குனிந்து, அவன் கட்டிலின் நான்கு காலையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

என் முடிவை மாற்றியது இதெல்லாம் இல்லை. சட்டைப் பட்டன்.

இல்லத்தில் கொண்டுவரச் சொன்ன பட்டியலில் துண்டு, பிரஷ், போர்வைக்குக் கீழே ஒரு வரி இருந்தது: டி-ஷர்ட், எலாஸ்டிக் பேண்ட் மட்டும். பட்டன் சட்டை கூடாதா என்று கேட்டேன். "காலையில நேரம் பத்தாதுங்க மேடம். எட்டுப் பேருக்கு ஒரு ஆயா" என்றார் பொறுப்பாளர். நியாயமாகத்தான் பட்டது. ஆறு மணிக்கு எழுப்பி எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் ஆளுக்குக் கால் மணி நேரம். அதற்குள் பல் தேய்த்து, குளித்து, உடுத்தி வர வேண்டும். தம்பிக்கு ஐந்து பட்டன் போடவே பதினோரு நிமிடம் ஆகும், நானே கடிகாரம் பார்த்திருக்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை இறுக்கம் குறைவு, விரலும் குட்டை. அந்தப் பட்டனைப் பழக்க அம்மாவுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஏழு மாதம் கழித்து வந்தவனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மாட்டினான். முன்பக்கம் திறந்தபடி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான், யாராவது போட்டுவிடுவார்கள் என்று. தட்டில் சோறு வைத்தால் பிசையவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றும்வரை குளியலறையில் காத்திருந்தான். அங்கே அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த ஆயா பாசமானவர்தான், இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் சிரிக்கிறான். அவன் மெதுவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். செய்துவிடுவது சீக்கிரம் முடியும்.

எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிதாகத் தெரிகிறது. இவர்கள் விஷயத்தில் பழகிய வேலையைத் தினமும் செய்தால்தான் கையில் நிற்கிறது. ஒருவன் தானாகக் குளித்து, தானாக உடுத்தி, தானாகச் சாப்பிட்டால், நாளைக்கு நானோ வேறு யாரோ அவனைப் பார்த்துக்கொள்வது ஒரு மாதிரி. எல்லாம் செய்துவிட வேண்டும் என்றால் அது வேறு மாதிரி. பணத்தைச் சேர்த்து வைக்கிறோம், வீட்டை எழுதி வைக்கிறோம். அந்த ஐந்து பட்டனும் அதே கணக்கில் வருகிற சொத்துதான்.

மையத்தில் சேர்ந்ததும் சிறப்பு ஆசிரியர் சொன்ன முறை இது. நாலு பட்டனை நாம் போட்டுவிட்டு, அடிப்பட்டனை மட்டும் அவனுக்கு விட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும், அதைப் போட்டால் வேலையும் முடியும். தானே முடித்தோம் என்ற சந்தோஷம் அவனுக்கு. அது கைக்கு வந்ததும் அதற்கு மேல் பட்டனையும் விட வேண்டும். இப்படி மேலே மேலே போய் நான்கு பட்டன் திரும்ப வர ஒன்பது மாதம் ஆனது. கழுத்துப் பட்டன் இன்னும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாதே. சோறு பிசைவது ஒரே வாரத்தில் வந்துவிட்டது, பசி இருக்கிறதல்லவா.

மையத்தில் பேப்பர் கவர் ஒட்டுகிறான், மிதியடி பின்னுகிறான். அதில் கிடைக்கிற காசு பெயருக்குத்தான். மூன்றரை மணிக்கு வேன் தெருமுனையில் இறக்கிவிட்டால், அண்ணாச்சி கடையில் ஆவின் பச்சைப் பாக்கெட் ஒன்று வாங்கி வருவான். எண்ணத் தெரியாது, படிக்கத் தெரியாது, பச்சை தெரியும். நீலத்தைக் கொடுத்தால் வாங்கமாட்டான். மீதிச் சில்லறையை அம்மா முந்தானையில் முடிந்துவைப்பான்.

மையத்தின் குறையைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மே மாதம் முழுக்க விடுமுறை. வேன் டிரைவர் வராத நாளில் நான் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு. எனக்கு டெங்கு வந்த பத்து நாள் வீடு என்ன பாடுபட்டது என்று என் கணவரைத்தான் கேட்க வேண்டும். அவரும் அம்மாவும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். தனியாக இருக்கும் வயதான பெற்றோர், வலிப்பு அடிக்கடி வருகிற பிள்ளை, அடிக்கிற பிள்ளை என்றால் நான் மையத்தைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். அந்த அனுபவம் எனக்குக் கிடையாது. நாலைந்து பெற்றோர் சேர்ந்து வீடு எடுத்து நடத்தும் குழு இல்லத்தை ஒரே ஒரு முறை, அரைநாள் பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தது. அரைநாளை வைத்து அதற்குமேல் சொல்ல முடியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் காகித வேலை ஒன்றுதான். 18 வயது முடிந்தால் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் மாவட்டக் குழுவிடம் மனுப்போட்டுச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டும். அப்பா இருந்தபோதே வாங்கியிருந்தால் வங்கியில் நான்கு மாதம் அலைந்திருக்க மாட்டோம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும், சேர மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை.

இன்னொன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது தாண்டினால் மறதி நோய் மற்றவர்களைவிட முன்னதாகவே வர வாய்ப்பு அதிகம். தைராய்டை வருடா வருடம் பார்க்கிறோம், மறதி வராமல் தடுக்க வழி ஒன்றும் இல்லை. அப்போது இரவும் பகலும் ஆள் இருக்கும் இடம்தான் தேவைப்படலாம். அதனால் வருடத்தில் பதினைந்து நாள், மே மாதத்தில், குறுகிய காலம் தங்கவைக்கும் வேறொரு இல்லத்தில் விடுகிறோம். இடம் பழகட்டும் என்றுதான். சேர்ப்பதற்கு முன் அங்கே காலை ஆறு மணிக்குப் போய் நின்று பார்த்தேன். பதினோரு மணிக்குப் போனால் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த மே மாதம் பையில் பட்டன் சட்டை நான்கு வைத்து அனுப்பினேன். இரண்டு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. மற்ற இரண்டும் துவைத்து வந்தன, ஒன்றில் பட்டன் தப்பான ஓட்டையில் மாட்டியிருந்தது. அவனேதான் போட்டிருக்கிறான்.