ஒரே இரும்புக் கல், இரண்டு விருந்து: கோபே கவுண்டரா, பெனிஹானா மேசையா?

சூடான இரும்புக் கல்லில் நம் கண்ணெதிரே சுட்டுத் தரும் ஜப்பானிய உணவான தெப்பன்யாக்கி சாப்பிடப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எந்தத் தெப்பன்யாக்கி?" என்றுதான் முதலில் கேட்பேன். ஜப்பானில் கோபேயிலும் டோக்கியோவிலும் இருக்கிற, செஃப் எதிரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அமைதியான கவுண்டர் ஒரு வகை. வெங்காயத்தில் எரிமலை கிளப்பி, இறால் வாலைத் தொப்பிக்குள் தூக்கிப் போடும் அமெரிக்க மேசை இன்னொரு வகை. இரண்டிலும் நம் கண்ணெதிரே கல் சூடாகிறது, இரண்டிலும் கணிசமாகச் செலவாகும். ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதுதான் வேறு.

ஜப்பானிய மொழியில் தெப்பன் என்றால் இரும்புத் தகடு, யாக்கி என்றால் சுட்டது. பெயரைக் கேட்டுப் பழங்காலச் சமையல் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு வயதில்லை. கோபே நகரில் மிசோனோ உணவகம் 1945இல் தொடங்கியது; தகட்டில் ஸ்டேக், அதாவது தடித்த மாட்டிறைச்சித் துண்டு, சுடுவது தங்களிடம்தான் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. போர் முடிந்து அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு அது பிடித்துப்போனது. பிறகு 1964இல் ராக்கி அயோகி நியூயார்க்கில், மேற்கு 56ஆம் தெருவில், நான்கே மேசைகளோடு பெனிஹானா உணவகத்தைத் திறந்தார். இரண்டுக்கும் நடுவே இருபது ஆண்டு இடைவெளி கூட இல்லை. அதனால் எது அசல், எது போலி என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. எங்கே என்ன கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

அமெரிக்க மேசையைச் சுற்றிச் சுமார் எட்டுப் பேர் உட்காரலாம். இருவராகப் போனால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து உட்கார வைப்பார்கள். செஃப் வந்து சட்டுவத்தைக் கல்லில் தட்ட ஆரம்பித்ததும், கொத்துப் பரோட்டாக் கடை வாசலில் நிற்கிற உற்சாகம் தொற்றிக்கொள்ளும். வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி எண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு தானாக வந்துவிடும். கோழி, இறால், ஸ்டேக் எதுவானாலும் வெண்ணெய், பூண்டு, சோயா சாஸ் என்று சுவை ஒரே திசையில் போகும். தொட்டுக்கொள்ள இஞ்சி சாஸ், கடுகு சாஸ். வறுத்த சோறு தட்டு நிறைய வரும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் யோசிக்காமல் இங்கேதான் அழைத்துப் போவேன்.

குறை என்று பார்த்தால், எட்டுப் பேருக்கும் ஒருவரே ஒரே நேரத்தில் சமைக்கிறார். ஒருவர் மீடியம் ரேர், அதாவது நடுவில் சிவப்பு மாறாத அரை வேக்காடு, கேட்டு, இன்னொருவர் நன்றாக வெந்தது கேட்டால், யாராவது ஒருவருடைய இறைச்சி தட்டில் ஆறிப்போகிறது. பில்லின் மேல் டிப்ஸ் தனி. அமெரிக்காவில் அது ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். அங்கே இந்தச் சமையலை ஹிபாச்சி என்றும் சொல்கிறார்கள். ஜப்பானில் ஹிபாச்சி என்பது கரி போட்டுக் குளிர்காயும் சட்டி. அந்தப் பெயரில் அங்கே உணவகம் தேட வேண்டாம்.

கோபே கவுண்டரில் இறைச்சியைப் பச்சையாகவே கொண்டுவந்து காட்டுவார்கள். சிவப்பைவிட வெள்ளைக் கோடுகள்தான் முதலில் கண்ணில் படும். கோபே இறைச்சி என்ற பெயருக்கு விதிகள் கடுமையானவை. ஹியோகோ மாகாணத்தில் பிறந்து வளர்ந்த தஜிமா என்ற இனவழி மாடாக இருக்க வேண்டும். கொழுப்பு ஓட்டத்தை 1 முதல் 12 வரை அளக்கும் பி.எம்.எஸ். கணக்கில் குறைந்தது 6 வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் இருக்கிறது. நல்ல கடையில் கேட்டால் சொல்வார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த இறைச்சி ஜப்பானை விட்டு முறையாக ஏற்றுமதியானதே 2012இல்தான்.

அப்புறம் கல். அது முழுக்க ஒரே சூடாக இருக்காது. ஓரத்தில் மிதமான சூட்டில் பூண்டுச் சீவல்களை எண்ணெயில் பொறுமையாகப் பொன்னிறமாக்கி ஒதுக்குவார் செஃப். பூண்டு வாசம் ஏறிய அந்த எண்ணெயில்தான் இறைச்சி இறங்கும், அதுவும் சூடு அதிகமான இடத்தில். ஒரு பக்கம் நிறம் ஏறியதும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு முகத்தையும் கல்லில் படவைத்து, சற்றுத் தள்ளி ஓய்வெடுக்க விடுவார். நாலைந்து துண்டுகள் உங்கள் முன் வரும். அவற்றைச் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்து அடுத்தவை வரும். என்னைக் கவர்ந்தது இந்த நேரக்கணக்குதான். யாரும் எதையும் தூக்கிப் போடவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. உப்பும் ஒரு துளி வசாபியும் போதும். அந்தக் கொழுப்போடு சேரும்போது வசாபியின் காரம் அடங்கிப்போகிறது. வழிந்த கொழுப்பை வீணாக்காமல் முளைப்பயறை அதிலேயே வதக்கித் தருவார்கள்.

ஒரு விருந்துக்காக மட்டும் சேர்த்து வைத்த பணம் என்றால் என் ஓட்டு கோபேக்குத்தான். 120 கிராம் இறைச்சி போதுமா என்று முதலில் தோன்றும். அந்தக் கொழுப்புக்கு அதற்கு மேல் முடியாது. டிப்ஸ் கிடையாது, ஆனால் பல இடங்களில் சேவைக் கட்டணமும் 10 சதவீத வரியும் சேரும். மெனு விலை வரி சேர்த்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதென்று முடிவானால் மதியம் போங்கள். அதே கல்லில், இரவை விடக் கணிசமாகக் குறைந்த விலைக்குச் சாப்பிடலாம். இரவில் அவாபி என்கிற கடல் நத்தை, சிங்கி இறால் எல்லாம் சேர்ந்து வரும், செலவும் எகிறும். டோக்கியோ கின்சாவில் உள்ள உகாய்-தேய் அந்த ஆடம்பரத்தின் உச்சி. 2017 நவம்பரில் அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே, டிரம்பை அழைத்துப்போன இடம் அது.

மாட்டின் எந்தப் பகுதி வேண்டும், கொழுப்பு அதிகமான சர்லாயினா, கொழுப்பு குறைவான ஃபில்லேயா என்று கேட்பார்கள். கோபே இறைச்சி எதனால் பேசப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால் சர்லாயின். கொழுப்பு திகட்டும் என்றால் ஃபில்லே. நம்மில் பலர் கேட்பதுபோல் முழுக்க வேகவைக்கச் சொன்னால், விலை கொடுத்து வாங்கிய கொழுப்பு உருகிக் கல்லோடு போய்விடும். மீடியம் ரேர் தயக்கமாக இருந்தால் மீடியம் வரை போகலாம்.

சைவம் சாப்பிடுபவர் கூட வந்தால் இரண்டு இடமும் சிக்கல்தான். காய்கறியும் காளானும் தருவார்கள், ஆனால் அதே கல், பெரும்பாலும் அதே கொழுப்பு. முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியில் வெறும் சோறா, பூண்டுச் சோறா என்று ஒரு கேள்வி வரும். சில கடைகளில் பூண்டுச் சோற்றுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. கொடுத்துவிடுங்கள். அதுவரை நீங்கள் சாப்பிட்ட எல்லாவற்றின் மணமும் ஏறிய கல்லில், சோயா சாஸ் ஓரத்தில் பட்டுப் பொரிய, அந்தச் சோறு அடியில் லேசாக முறுகும். சிவப்பு மீசோ சூப்போடு அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.