கல்லூரி நூலகத்துக்கு ஆய்விதழ்கள்: தனிச் சந்தாவா, என்-லிஸ்ட்டா, டெல்நெட்டா?

அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். ஆய்விதழ்களுக்கென ஒதுக்கும் பணத்தை எதில் போடுவது என்று எங்கள் நூலகக் குழுவில் பேசி, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைக் கூட்டாக வாங்கித் தரும் என்-லிஸ்ட்டைப் பிரதானமாக வைத்துக்கொண்டு தனிச் சந்தாக்களைக் குறைத்துவிட்டோம். வேறு கல்லூரி நூலகர்களும் இதையே கேட்பதால் எங்கள் காரணங்களை எழுதுகிறேன். நான் கூட்டுக் கொள்முதலின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின்கீழ் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் 2010 முதல் நடத்திவரும் திட்டம் என்-லிஸ்ட். நாடு முழுவதுமுள்ள கல்லூரிகளுக்காகப் பதிப்பகங்களிடம் ஒரே இடத்தில் விலை பேசுகிறார்கள். எங்களைப் போன்ற கல்லூரி கட்டுவது வரியோடு சேர்த்து ஆண்டுக்கு ரூ.5,900. அதற்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னிதழ்களும் லட்சத்துக்கும் அதிகமான மின்னூல்களும் கிடைக்கின்றன. வெளிநாட்டு வேதியியல் இதழ் ஒன்றுக்கே ஆண்டுச் சந்தா லட்சங்களில் போகும். தனியாகப் போய் நிற்கும் கல்லூரிக்குப் பேரம் பேச வழியே கிடையாது. சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு என்பதால் அவர்கள் கணக்கு வேறு.

ஆனால் விலை மலிவு என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரி இதில் சேர்ந்தால் பணம் வீண்தான். முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. அதாவது, பயனர் பட்டியல்.

என்-லிஸ்ட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிக் கணக்கு. பெயர், துறை, மின்னஞ்சல் எல்லாம் சேர்த்து எக்ஸெல் கோப்பாக நாம்தான் ஏற்ற வேண்டும். கடவுச்சொல் அவரவர் மின்னஞ்சலுக்குப் போகும். சிக்கல் அங்கேதான். அட்மிஷன் விண்ணப்பத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் பிரவுசிங் சென்டர்காரர் போட்டுக் கொடுத்தது. ஒரே ஊரிலிருந்து வரும் நான்கைந்து பேருக்கு ஒரே முகவரி இருக்கும். ஒரு முகவரிக்கு ஒரு கணக்குத்தான் என்பதால் மற்றவர்கள் விடுபட்டுப் போவார்கள். சிலருக்கு அந்த முகவரியின் கடவுச்சொல்லே தெரியாது. அலுவலகம் தரும் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டு, ‘எல்லோருக்கும் கணக்குக் கொடுத்தாயிற்று’ என்று கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் அறிக்கையில் எழுதலாம். பயன்பாட்டுப் புள்ளிவிவரம் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அதனால் நாங்கள் அலுவலகப் பட்டியலை நம்புவதில்லை. வகுப்புகள் தொடங்கிய பிறகு துறைவாரியாக மாணவர்களை நூலகத்துக்கு வரவழைத்து, அவரவர் போனிலேயே மின்னஞ்சலைத் திறக்கவைத்து, அந்த முகவரியைத்தான் குறித்துக்கொள்கிறோம். கணக்கு வந்ததும் ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல்லி, ஒரு கட்டுரையையாவது இறக்கவைத்துத்தான் அனுப்புகிறோம். படிப்பை முடித்தவர்களின் பெயரை நீக்குவதும் இதே சமயத்தில். இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்களுக்கு இதை மாலையில்தான் செய்ய முடியும். நூலக உதவியாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், இந்த வேலை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து முடிந்துவிடுகிறது. அதன்பின் மாணவர் நம்மை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வரலாறு முதுகலை படிக்கும் பெண் ஒருவர், பகலில் வேலைக்குப் போகிறவர், எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி என்ற ஆய்விதழின் பழைய கட்டுரைகளை இரவில் வீட்டிலிருந்து போனிலேயே படித்து ப்ராஜெக்ட் முடித்தார். அச்சிதழ் அலமாரியில் இருந்தாலும் நூலக நேரத்தில் அவரால் வர முடியாது.

தனிச் சந்தாவின் பராமரிப்பு ஆண்டு முழுக்க நீளும். ஏஜென்ட்டிடம் முன்பணம், வராத இதழுக்குக் கடிதம், அதற்கு நினைவூட்டல், தணிக்கையில் அந்த ஒரு இதழுக்கு விளக்கம், பிறகு பைண்டிங். நிறுத்தினாலும் பழைய இதழ்கள் நம் அலமாரியிலேயே இருக்கும் என்பது பெரிய பலம். என்-லிஸ்ட்டில் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. இந்தக் குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெல்நெட் வேறு வகை. 1988இல் டெல்லியில் தொடங்கிய நூலக வலையமைப்பு. உறுப்பு நூலகங்கள் புத்தகங்களைத் தங்களுக்குள் இரவல் கொடுத்துக்கொள்ளலாம். அச்சில் இல்லாத ஒரு நூல் ஆய்வு மாணவருக்குத் தேவைப்பட்டால் இதுதான் கைகொடுக்கும். ஆனால் இரவல் கோரிக்கை ஒவ்வொன்றும் நூலகர் வழியாகப் போக வேண்டும். புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் செலவும் பொறுப்பும் நம்முடையது. கட்டணமும் என்-லிஸ்ட்டைவிட அதிகம். பிஎச்.டி. ஆய்வுத் துறைகள் நிறைய உள்ள கல்லூரி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இளங்கலை மாணவர்களே பெரும்பான்மை என்றால் தேவையில்லை என்று நினைக்கிறேன். நான் டெல்நெட்டைக் குறைவாகவே பயன்படுத்தியவன் என்பதால் இந்தக் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ பற்றியும் கேட்கிறார்கள். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்ட, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம். மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கானது. எங்கள் கல்லூரி அதில் வராது. அரசுக் கல்லூரியில் இருக்கும் நண்பர் காட்டியதைப் பார்த்த அளவில் இதழ்களின் வீச்சு மலைக்கவைக்கிறது. அன்றாடப் பயன்பாடு எப்படி என்று சொல்ல அந்த அனுபவம் போதாது.

எந்தக் கூட்டுத் திட்டத்திலும் தமிழ்த் துறைக்குக் கிடைப்பது சொற்பம். தமிழ் ஆய்விதழ்களும் சிற்றிதழ்களும் இந்தத் தொகுப்புகளுக்குள் வருவதில்லை. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசமாகவே இருக்கிறது. புதிய இதழ்களுக்குச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும். ஆங்கில இதழ்களில் மிச்சம் பிடித்த பணத்தை நாங்கள் அதற்குத்தான் ஒதுக்கினோம். தனிச் சந்தாக்களைக் குறைக்கும்போது தமிழ் இதழ்களையும் சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.