சிறுத்தையா, கரடியா: வெறுங்கையோடு மாட்டிக்கொண்டால்?

நீலகிரித் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் சிறுத்தையும் உண்டு, கரடியும் உண்டு. எதனிடம் பிழைக்க வழி அதிகம்? சிறுத்தையிடம்தான் என்பேன்.

சிறுத்தை பெரும்பாலும் 30 முதல் 70 கிலோ எடை இருக்கும். பெரியவர்களைக் கண்டால் விலகிப் போகவே பார்க்கும். பதுங்கி வந்து கழுத்தைக் கவ்வுவது அதன் பழக்கம். குழந்தைகளுக்கும் குனிந்து வேலை செய்பவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று கத்துங்கள். பாய்ந்துவிட்டால் முழு பலத்தோடு திருப்பி அடியுங்கள். 1896இல் சோமாலியாவில் கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர் ஒரு சிறுத்தையை வெறுங்கையால் கொன்றார். ஆனால் அவர் ஏற்கெனவே சுட்டுக் காயப்படுத்திய விலங்கு அது.

கரடி இரைக்காகத் தாக்குவதில்லை, மிரண்டு தாக்குகிறது. பார்வை மங்கல்; புற்றைத் தோண்டும் மும்முரத்தில் நாம் நெருங்குவதே அதற்குத் தெரியாது. கரையான் புற்றைப் பெயர்க்கும் அந்த நீண்ட நகங்கள் நேராக முகத்துக்கும் தலைக்கும் வரும். ஆண் கரடி 100 கிலோவைத் தாண்டும், மல்லுக்கு நிற்க முடியாது. மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, பின்கழுத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். விடியலில் வேலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள்.