கொல்லையில் பறவை பார்க்க வாங்கியவை: எது உழைத்தது, எது போனது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில், சில்வர்கிளென் காட்டுக்குக் கிட்டத்தில் எங்கள் வீடு. கொல்லையில் மா, லிச்சி, கறிவேப்பிலை. மைனாவும் ஹாடிடா என்கிற அரிவாள் மூக்கனும் கூப்பிடாமலே வரும். எப்போதாவது வருகிற பறவைக்காக வாங்கிப் போட்ட சாமான்கள் சில வருடப் புழக்கத்தில் எப்படி என்று சொல்கிறேன்.

தீனித் தட்டை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தினை வைத்தால் சில்லைக் கூட்டம்தான். பப்பாளி வைத்தால் வெர்வெட் குரங்கு. அது தட்டோடு போனால் பரவாயில்லை, ஜன்னல் வழியாக ரொட்டிப் பாக்கெட்டையும் தூக்கிவிட்டது. "குருவிக்கு வெச்சியா, கொரங்குக்கு வெச்சியா?" என்று ஆயா கேட்டதோடு தட்டைக் கழற்றியாயிற்று.

நன்றாக உழைப்பது அகலமான மண்தட்டு. இரண்டு விரற்கடைத் தண்ணீர், நடுவில் சொரசொரப்பான ஒரு கல், மேலே புதர் நிழல். தினமும் தண்ணீர் மாற்றாவிட்டால் கொசுதான். இங்கே பலரும் லூரி என்கிற ஊதாக்கொண்டை டுராக்கோ இதில்தான் குளிக்க இறங்குகிறது. கிளையில் இருக்கும்போது கருநீலமும் பச்சையுமாகத் தெரியும். சிறகை விரித்தால் ரத்தச் சிவப்பு. செம்பு கலந்த நிறமியால் வரும் சிவப்பு அது.

லிச்சி அடியில் சருகைப் பெருக்காமல் விட்டதற்குக் காசே ஆகவில்லை. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக் கரையோரக் காடுகளில் கூடு கட்டும் ஸ்பாட்டட் கிரவுண்ட் திரஷ் என்கிற பூங்குருவி குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வரும். உலக அளவிலேயே அழியும் நிலையில் உள்ள பறவை. நாலடி ஓடும், நிற்கும், ஒரு சருகைப் புரட்டும், மறுபடி ஓடும். வெள்ளை மார்பில் கரும்புள்ளிகள். வேறு பூங்குருவியோ என்று சந்தேகம் வந்தால் சிறகைப் பாருங்கள், இரண்டு வரிசை வெள்ளைப் புள்ளி இருக்கும். பெருக்கிய தரையில் அது இறங்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் பேர்ட்லேசர் ஆப். பார்த்ததைப் பதிந்து, 2007-இல் தொடங்கிய இரண்டாம் தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்துக்கு அனுப்பலாம். அந்தத் திட்டத்துக்கு முழுப் பட்டியல் என்றால் குறைந்தது 2 மணி நேரம் பார்க்க வேண்டும். அதற்குக் கொல்லை போதாது, வட்டாரத்தைச் சுற்ற வேண்டும்.

பைனாகுலர் 8 மடங்கு, முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். கொல்லைக்கு 10 மடங்கு வேண்டாம், கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். இந்த ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே ஈரக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைத்தது என்பதால் என்னுடையது இன்னும் தெளிவாக இருக்கிறது. கண் வைக்கும் இடத்து ரப்பர் மட்டும் பிசுபிசுத்துப் பிய்ந்துவிட்டது. வாங்கிய கடையில் மாற்று இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.