விளக்குப்பொறியில் விழும் புலி அந்துப்பூச்சிகள்: எந்த அடையாளத்தை நம்பலாம்?

மானாவாரி நிலக்கடலைக் காட்டில் முதல் கனமழைக்குப் பிறகு விளக்குப்பொறி வைத்தால், விடியும்போது தட்டு நிறைய வெள்ளை அந்துப்பூச்சிகள் கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் சிவப்பு கம்பளிப்புழுவின் தாய் அந்து என்று கணக்கில் எழுதிவிடுவதுதான் வழக்கம். அந்தக் கணக்கு பெரும்பாலும் பிழையாகிறது. புலி அந்துகள் எனப்படும் இந்தக் கூட்டத்தில் ஒரே சாயலில் நான்கைந்து இனங்கள் அதே விளக்குக்கு வருகின்றன. பொறி, பத்து மடங்கு லென்ஸ், செல்போன் கேமரா மூன்றையும் பல பருவங்கள் தொடர்ந்து பயன்படுத்தியதில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை இங்கே தருகிறோம்.

இனம் பிரிப்பது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. சிவப்பு கம்பளிப்புழுவான அம்சாக்டா அல்பிஸ்ட்ரிகா, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் கிடந்து மழைக்குக் காத்திருந்து வெளிவருவது. ஒரு குவியலில் 600, 700 முட்டைகள்கூட இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி அழிக்க அவ்வளவுதான் அவகாசம். பீகார் கம்பளிப்புழு அப்படியல்ல, ஆண்டுக்குப் பல தலைமுறை எடுப்பது. அதன் அந்துகளைச் சேர்த்து எண்ணினால், வயலில் ஆளை இறக்கும் நாளே தவறிப்போகும்.

முதலில் வெளிச்சம். பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. பாதரச ஆவி விளக்கில் சிவப்பு ஒளி மிகக் குறைவு. அதனடியில் செக்கச்சிவந்த கோடும் மங்கிய பழுப்பாகத் தெரியும். பழைய குண்டு பல்பில் வெள்ளை மஞ்சளாகிவிடும். புற ஊதாக் குழல்விளக்கில் நிறம் பார்ப்பதே வீண். அந்துகளை இழுக்க எந்த விளக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும். இனம் சொல்வதைக் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவிலேயே பார்த்தாக வேண்டுமென்றால் வெள்ளை எல்.இ.டி. டார்ச் பிடித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளையும் வைத்துப் படமெடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாக இல்லையென்றால் இறக்கையின் நிறமும் உண்மையாக இருக்காது.

அடுத்தது பொறியின் அடிப்பாகம். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு கொல்வதற்கு நல்லது, அடையாளம் காண மோசமானது. உடம்பு மயிர் ஒட்டிக்கொள்ளும், செதில்கள் கழுவிப்போகும், பின் இறக்கை விரியாது. எண்ணிக்கைக்கு அந்தத் தட்டையே வைத்துக்கொண்டு, இனம் பார்க்கத் தனியாக ஒரு உலர்ந்த வாளியில் முட்டை அட்டைகளைப் போட்டு வையுங்கள். அந்துகள் அட்டைக் குழிகளில் ஒதுங்கி அமைதியாக இருக்கும். துள்ளுவதை மட்டும் சிறு டப்பியில் போட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்தால் போதும்; உறைபெட்டியில் வைக்க வேண்டாம்.

இனி அடையாளங்கள். அல்பிஸ்ட்ரிகாவின் முன் இறக்கை முழுக்க வெள்ளையும் பழுப்புமாகக் கீற்றுகள் ஓடும். முன் விளிம்பில் மஞ்சள் பட்டை, தலையையொட்டி ஒரு மஞ்சள் வளையம். பின் இறக்கை வெள்ளை, அதில் கரும்புள்ளிகள். இதன் உறவான அம்சாக்டா மூரியில் அந்த விளிம்புப் பட்டை மஞ்சளாக இராது, சிவப்பாக இருக்கும். தென்னிந்தியாவில் அல்பிஸ்ட்ரிகாவே மிகுதி. வடக்கே, குறிப்பாக ராஜஸ்தானின் கம்பு வயல்களில், மூரியின் ஆட்சி. இந்த இரண்டுக்கும் விளிம்பு நிறம் ஒன்றே போதும். பருவம் பருவமாகப் பார்த்ததில் இதுவே எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம். இறக்கையின் வெளி ஓரம் கிழிந்து, முதுகு மயிர் உதிர்ந்து வழுக்கையான பிறகும் முன் விளிம்பில் நிறம் மிஞ்சியிருக்கும்.

உண்மையில் திணறடிப்பது மூரியும், அலோவா லேக்டினியா என்ற இன்னொரு இனமும். இரண்டிலும் வெள்ளை இறக்கை, சிவப்பு விளிம்பு. இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து இதில் தீர்ப்புச் சொல்லவே கூடாது. வயிற்றைப் பாருங்கள்: லேக்டினியாவுக்கு ஆரஞ்சு வயிறு, மேலே கறுப்பு வளையங்கள், மூரிக்கு வயிறே செந்நிறம், அதன்மேல் கறுப்பு. லேக்டினியாவின் முன் இறக்கை கிட்டத்தட்ட வெறும் வெள்ளை. கீற்றே இல்லை, நடுவில் ஒரு சிறு கரும்புள்ளி. பின் இறக்கையில் நடுவே ஒரு புள்ளியும், ஓரத்தையொட்டி வழக்கமாக மூன்றும் இருக்கும். புள்ளிகளின் எண்ணிக்கை பூச்சிக்குப் பூச்சி கூடிக் குறையும் என்பதால் அதை இரண்டாம் சாட்சியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

பீகார் கம்பளிப்புழுவின் அந்து, ஸ்பைலோசோமா ஒப்ளிகா, எளிது. விளிம்பில் வண்ணப்பட்டையே கிடையாது. இறக்கை வெளிறிய மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு, நிறையக் கரும்புள்ளிகள், சிவந்த வயிறு. வயிறு சிவப்பு என்பதற்காகவே இதை மூரி என்று எழுதுகிறவர்கள் உண்டு; விளிம்பை முதலில் பார்த்திருந்தால் அந்தக் குழப்பமே வராது. விளக்குக்கு வரும் இன்னொரு இனமான கிரியடோனோட்டஸ் கேஞ்சிஸுக்கும் வயிறு சிவப்புதான், அபூர்வமாக மஞ்சள். ஆனால் முதுகிலும் முன் இறக்கையிலும் நீளமாக ஓடும் கறுப்புப் பட்டை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதன் ஆண், வயிற்று நுனியிலிருந்து நான்கு மயிரடர்ந்த குழாய்களை ஊதி நீட்டும். அவற்றைக் கண்டு ஏதோ ஒட்டுண்ணி என்று பதற வேண்டாம். அவை பெண்ணை ஈர்க்கும் மணத்தைப் பரப்பும் உறுப்புகள். புழுவாக இருந்தபோது தின்ற செடியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற தாவர நச்சு எவ்வளவு இருந்ததோ, அதைப் பொறுத்துக் குழாய்கள் பெரிதாகவோ சிறிதாகவோ அமையும்.

ஒவ்வொரு பூச்சிக்கும் மூன்று படம் எடுப்பது நல்லது: மூடிய இறக்கை மேலிருந்து, தலையும் கழுத்து வளையமும் நெருக்கத்தில், முன் இறக்கையை மென்மையான தூரிகையால் ஒதுக்கிப் பின் இறக்கையும் வயிறும் சேர்த்து. மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டால் பெரிய பயனில்லை. பாடம் செய்து வைத்த மாதிரிகளில் சிவப்பு நாளாக ஆக வெளிறி ஆரஞ்சை நெருங்கும். லேக்டினியாவையும் மூரியையும் பிரிக்கும் கோடே அப்போது அழிந்துவிடுகிறது. ஆகவே நிறத்தைப் பிடித்த அன்றே எழுதி வையுங்கள். வயிறு தெரியாத சிவப்பு விளிம்புப் பூச்சிகளுக்குப் பதிவேட்டில் 'மூரி அல்லது லேக்டினியா' என்று தனிப் பத்தி போடுங்கள். அல்பிஸ்ட்ரிகாவை அம்சாக்டா என்றும் அலோவா என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். பழைய பதிவேடுகளோடு ஒப்பிடும்போது அவை ஒரே பூச்சி என்பதை நினைவில் கொள்ளுங்கள்.