கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் அண்ணனின் கார்தான் கைக்குக் கிடைத்தது. ஏசியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. முதலில் போன பட்டறையில் பானெட்டைத் திறந்த கையோடு, "கேஸ் தீர்ந்துவிட்டது சார், நிரப்பினால் சரியாகிவிடும்" என்றார்கள். நிரப்பினார்கள், குளிர்ந்தது. நான் ஊரில் இருக்கும்போதே மறுபடியும் அனல் காற்று.

கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர்வதற்கு? மூடிய குழாய்களுக்குள் அதுவேதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ரப்பர் குழாய், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் சீல் வழியாக ஆண்டுக்கணக்கில் சிறிது குறையலாம். சில நாட்களிலேயே காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் நிரப்புவது வேலையே அல்ல, வியாபாரம். போதாததற்கு, இந்த ஏசியிலிருந்து வெளியேறும் ஆர்-134ஏ என்ற கேஸ், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.

இரண்டாவது பட்டறைக்காரர் பேச்சில் சிக்கனம், வேலையில் நிதானம். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தார், ஆனால் அதை நம்பி முடிவு சொல்லவில்லை. எஞ்சின் ஓடாதபோது, உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே போதும். முழு அளவு இருந்தால் காட்டும் அழுத்தத்தையே கேஜ் காட்டும். 30 டிகிரி வெயிலில் அது 95 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும். அளவு குறைந்திருப்பது அதில் தெரியாது.

அடுத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கறையைத் தேடினார். கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே ஓடுவதால், கேஸ் கசியும் இடத்தில் அதுவும் கசிந்து தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் கீழ் மூலையில் மற்ற இடமெல்லாம் காய்ந்த மண்ணாக இருக்க, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

அத்தோடு தீர்ப்பு எழுதிவிடவில்லை. மிச்சக் கேஸை இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்துவிட்டு, நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கறை இருந்த இடத்தில் பொடிக் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின. உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சி வேக்குவம் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "வேக்குவம் உள்ளே இழுக்கும் சார், கேஸ் வெளியே தள்ளும். சின்னக் கசிவு அதில் மாட்டாது" என்றார். சரியான பதில். வேக்குவத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம்தான் வேறுபாடு. ஏசி ஓடும்போது கண்டன்சர் பக்கம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும்.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கசிந்தால் நுரைக்கு எட்டாது. தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் கசிவுமானியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் இறங்கும். எங்கள் காரில் அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

கண்டன்சரோடு, பிரித்த இணைப்புகளின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களையும் மாற்றினார். ஈரம் போக வேக்குவத்தில் வைத்துவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்து, அதில் உள்ள கிராம் கணக்குக்கே சிலிண்டரைத் தராசில் நிறுத்தி நிரப்பினார். கூடவே, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தையும் சிறிது சேர்க்கச் சொன்னேன். அடுத்து எங்கே கசிந்தாலும் அண்ணனுக்கு இவ்வளவு தேடல் இருக்காது.